இரண்டரை லட்சத்தில் மண் ரேஸுக்கு ஒரு கார்: நாங்கள் எஸ்டீம் எடுத்த கணக்கு

கேள்வி இதுதான். மதுரையைச் சுற்றி வேலை பார்க்கும் நாலு பேர், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மண்ணில் ஓட்டும் அமெச்சூர் ரேஸுக்கு ஒரு கார் தயார் செய்ய வேண்டும். கையில் இரண்டரை லட்சம். கார், ரோல் கேஜ் (கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு), சீட், பெல்ட், ஹெல்மெட், டயர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எந்தக் காரை வாங்குவது? எங்களில் ஓட்டப்போவது என் மாமா பையன், மெக்கானிக் வேலை பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், நானும் இன்னொரு நண்பரும் கணக்கு, அலைச்சல், தூக்கிச் சுமக்கிற வேலை. எதைப் பார்த்தோம், எதை ஏன் தள்ளினோம், எடுத்த பிறகு எது உடைந்தது என்று முழுசாக எழுதுகிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

ராலிகிராஸ் என்றதும் பலர் குழம்புகிறார்கள், அதனால் அதை முதலில் முடித்துவிடலாம். 1967-ல் இங்கிலாந்தின் லிடன் ஹில் என்ற இடத்தில் டிவி ஒளிபரப்புக்காகத் தொடங்கிய ஆட்டம் அது. பாதி தார், பாதி மண் உள்ள சின்னச் சுற்றில் பல கார்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, இடித்துக்கொண்டு ஓடும். 2014-ல் அதற்கு உலக சாம்பியன்ஷிப் வந்தது, அங்கே முன்னணிப் பிரிவில் ஓடியவை 600 குதிரைத்திறன் அளவுக்கான கார்கள், அது நம் பேச்சே இல்லை. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. என்ற அமைப்பு அதே பெயரில் வேறு மாதிரி ஒன்றை நடத்துகிறது: மண் தரையில் கோன் வைத்துப் பாதை போட்டு, ஒவ்வொரு காராக அனுப்பி நேரம் எடுப்பார்கள், ஒரு கோனைத் தட்டினால் 2 நொடி கூடும், கடைசியில் ஒருவருடைய எல்லா ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டித்தான் வெற்றியைச் சொல்வார்கள். நம் நாட்டில் இதற்கு ரொம்ப நெருக்கமானது ஆட்டோகிராஸ். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற இந்திய மோட்டார் ரேஸ் சங்கங்களின் கூட்டமைப்பு கொடுக்கும் அனுமதியோடு நடக்கும் போட்டியில்தான் ஓட்ட வேண்டும், அதற்கு அவர்களுடைய லைசென்ஸ் எடுக்க வேண்டும். எங்களுக்குப் பக்கம் கோவை, இருநூறு கிலோமீட்டர் சொச்சம்.

அந்தக் கூட்டல் முறையை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கே அதிலிருந்துதான் வருகிறது. ஒரு ஓட்டத்தில் பிரமாதமாகப் பறந்துவிட்டு அடுத்ததில் ஆக்ஸில் உடைந்து நின்றால் அன்றைய நாள் முடிந்தது. நல்ல ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் போட்டியாக இருந்தாலும், புதிதாக ஓட்டக் கற்கிறவனுக்கு வேண்டியது நிறைய ஓட்டங்கள், பட்டறையில் நிற்கிற கார் எதையும் கற்றுத் தராது. அதனால் நாங்கள் கேட்ட கேள்வி "எது வேகமான கார்" இல்லை. எது உடையும், உடைந்தால் மதுரையில் அன்றைக்கே சாமான் கிடைக்குமா, இதை மட்டும்தான் கேட்டோம்.

அடுத்து மண். நம் சுற்றுவட்டாரத்தில் ரெண்டு வகை. மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண், மேலே பொடிச் சரளை கிடக்கும், பிரேக் அடித்தால் டயருக்கும் தரைக்கும் நடுவே அது உருளும். திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, விருதுநகர் போகும் பக்கம் கரிசல், கோடையில் வெடித்துக் கிடக்கும், ஒரு மழை பெய்தால் சக்கரக் கூண்டுக்குள் அப்பிக்கொண்டு டயரையே சுற்ற விடாது. ரெண்டிலும் ஆங்காங்கே சுக்கான் கல் உண்டு, அதன் முனை டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். நாங்கள் பழகுவது மேலூர் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய தரிசு நிலத்தில், அவருடைய அனுமதியோடு, வேலி போட்ட இடத்தில். காய்ந்த கண்மாய் பார்க்க அழகான மைதானமாகத் தெரியும், அதில் இறங்காதீர்கள், அது பொது இடம், ஆடு மாடு வரும், பிள்ளைகள் வரும், கார் சத்தம் கேட்டால் ஊரே கரையில் வந்து நிற்கும். பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. பைபாஸில் ராத்திரி ஓட்டுகிற பையன்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது, இந்த ஆசைக்கு இடம் இருக்கிறது, அது ரோடு இல்லை.

சரி, கார்களுக்கு வருவோம்.

மாருதி 800-ஐ எல்லாரும் முதலில் சொல்வார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை சுமார் 650 கிலோ, எந்த ஊர் பெட்டிக்கடை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால் 37 குதிரைத்திறன், நாலு கியர், 12 அங்குல சக்கரம், அந்த அளவில் மண்ணுக்கு ஏற்ற டயர் தேடுவது பெரிய பாடு. சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,175 மில்லிமீட்டர்தான், அதனால் சரளையில் பின்பக்கம் வெடுக்கென்று சுற்றிக்கொள்ளும், புதிதாக ஓட்டுகிறவன் பிடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பான். பணம் ஒரு லட்சம்தான் இருந்திருந்தால் இதைத்தான் எடுத்திருப்போம்.

ஜிப்ஸி மேல் மாமா பையனுக்கு ஒரு கண். இந்திய ராலிகளில் அதற்கு ஒரு மரியாதை உண்டு, அது நியாயமான மரியாதை. ஆனால் அது லேடர் சேஸிஸ், அதாவது ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், உயரமான வண்டி. நீளமான ராலி பாதையில் குழிகளைத் தாங்கிப் போவதற்கு அது சரி, கோன்களுக்கு நடுவே இடமும் வலமும் மாற்றி மாற்றி ஒடிக்கிற ஆட்டத்தில் அந்த உயரம் எதிரி, உருண்டுவிடும். தயாரிப்பு நின்றபிறகு சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள் என்பதும் இருக்கிறது. முதல் கட்டத்திலேயே விட்டுவிட்டோம்.

ஹோண்டா சிட்டி, 2000-ல் வந்த 1.5 வி-டெக். 106 குதிரைத்திறன், அந்த இஞ்சினின் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் நல்ல நிலையில் இருப்பதை வைத்திருப்பவர்கள் விற்பதில்லை, விற்பவை அடிபட்டவை. தரை இடைவெளி குறைவு. ஒரு பாகம் போனால் கோவை உக்கடத்துக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ ஆள் அனுப்பி, கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்க வேண்டும். எங்கள் அளவுகோலில் இது தேறாது.

2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல், 87 குதிரைத்திறன். உறுதியான பாடி, சாமான் எங்கும் கிடைக்கும், இன்னும் பல வருடம் கிடைக்கும். ஆனால் எடை ஆயிரம் கிலோவைத் தொடுகிறது, கேட்ட விலையும் எங்கள் பட்ஜெட்டில் பாதியை விழுங்கியது. அதைக் கொடுத்துவிட்டால் கேஜுக்கும் பெல்ட்டுக்கும் மிச்சம் இருக்காது. மூன்றரை லட்சம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஸ்விஃப்ட்தான். டீசல் வேண்டாம், மூக்கு கனம்.

மிச்சம் ஜென்னும் எஸ்டீமும், இங்கேதான் நாங்கள் நிறைய நேரம் நின்றோம். ஜென் என்று நான் சொல்வது 1993-ல் வந்த பழைய உருண்டை ஜென், பின்னால் வந்த எஸ்டிலோ இல்லை, அது உயரமான வேறு கார். 993 சி.சி. அலுமினிய இஞ்சின், எடை எழுநூற்றைம்பது கிலோ சுற்றுவட்டாரம், கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை ஊசி மாதிரி பீச்சும் முறை) வந்தபிறகு 60 குதிரைத்திறன், ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே கேட்கும். எஸ்டீம் எம்.பி.எஃப்.ஐ. 1,298 சி.சி., 16 வால்வு, 85 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 875 கிலோ. ஒரு டன்னுக்கு 97 குதிரைத்திறன் வருகிறது, ஸ்விஃப்டுக்கு 86 சொச்சம்தான். பின்பக்கம் ஜென்னில் ரெண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு, எஸ்டீமில் ரெண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். குண்டும் குழியுமான தரிசில் இந்த வித்தியாசம் பேப்பரில் படிப்பதைவிட இடுப்பில் நன்றாகத் தெரியும். அப்புறம், எஸ்டீமின் இஞ்சின் குடும்பம் ஜிப்ஸியிலும் முதல் ஸ்விஃப்டிலும் ஓடியது, எஸ்டீம் 2007-லேயே நின்றுவிட்டாலும் கேஸ்கட், பேரிங், வாட்டர் பம்ப் வகையறாக்களுக்கு இன்றும் அலைய வேண்டியதில்லை. பழைய காலத்தில் இந்தியாவில் ராலி கற்றுக்கொண்டவர்கள் பலர் எஸ்டீமில்தான் கற்றார்கள், அதனால் எது எங்கே விரிசல் விடும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. அந்த அறிவு இலவசமாகக் கிடைக்கிற சாமான், அதை விடக்கூடாது.

எஸ்டீம் என்று முடிவானதும் ரெண்டு வண்டி சிக்கின. இந்த ஆய்வின் மையமே இந்த ரெண்டும்தான்.

முதல் வண்டி ராமநாதபுரம் பக்கம். பழைய ஓனர் ஆசையாக வைத்திருந்தது, இஞ்சின் புதிதாக வேலை பார்த்தது, சைலன்சர் மாற்றியது, ஸ்டார்ட் பண்ணினால் ஆளே நிமிர்ந்து நிற்பான். மாமா பையன் அங்கேயே அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டான். அண்ணன் பானெட்டைத் தூக்கி, முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே வந்து உட்காருமே அந்தக் கிண்ணத்தின் ஓரத்தை ஸ்குரூ டிரைவரால் தட்டினார். ஒரு இடத்தில் டங் என்று கேட்டது, பக்கத்திலேயே பொத் என்று கேட்டது. பெயிண்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே துரு. கார்பெட்டைக் கிளப்பினால் டிரைவர் காலடியில் தகரப் பேட்ச், கதவுக்குக் கீழே ஓடும் சில்லும் அப்படியே. கடல் காற்றில் பல வருடம் நின்ற வண்டி அப்படித்தான் இருக்கும், அந்த ஓனரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது மதுரையிலேயே, டி.என். 59 வண்டி, ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியருடையது. இஞ்சின் களைத்துப் போயிருந்தது, காலையில் ஸ்டார்ட் செய்தால் லேசான நீலப் புகை, கிளட்ச் முடிவுக்கு வந்துவிட்டது, பெயிண்ட் வெளிறிவிட்டது. ஆனால் ஷெட்டில் நின்ற வண்டி. தரைத் தகடு, ஸ்ட்ரட் கிண்ணம், பேட்டரி தட்டுக்குக் கீழ், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, நாலு இடமும் கம்பெனியில் வந்த மாதிரியே. நாலு கதவும் ஒரே சத்தத்தில் மூடின.

பையனுக்கு மனசே இல்லை. "அண்ணே, அந்த இஞ்சினை விட்டுட்டு இந்தப் புகைவண்டியையா எடுக்கச் சொல்றீங்க?" என்றான். அண்ணன் சொன்னார்: "இஞ்சின் போனா நான் பாத்துக்கிறேன்டா தம்பி, ரெண்டு நாள் வேலை. பாடி போயிருந்தா நான் என்ன பண்றது? கேஜை எதுல வச்சு வெல்டு அடிக்கச் சொல்ற, பட்டியிலயா?"

அவர் சொன்னதில் மொத்த விஷயமும் இருக்கிறது. ரோல் கேஜ் தனியாக ஆளைக் காப்பாற்றாது, அது ஊன்றி நிற்கும் தகடு காப்பாற்றுகிறது. உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் விதியில் கேஜின் ஒவ்வொரு காலுக்கும் கீழே குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனில், 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு வலுவூட்டும் தகடு கேட்கிறார்கள், உருளும்போது வருகிற பாரத்தைத் தரை முழுக்கப் பரப்பத்தான். கீழே இருப்பது துருப்பிடித்த காகிதம் என்றால் கால் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போய்விடும், கூரை டிரைவர் தலைக்கு வரும். குழாயும் அப்படித்தான். முக்கிய வளைவுக்கு வெளிவிட்டம் 45 மி.மீ., தடிமன் 2.5 மி.மீ., அல்லது 50-க்கு 2, அதுவும் குளிர்முறையில் இழுத்த, தையல் இல்லாத குழாய், பட்டறைக்காரர்கள் சி.டி.எஸ். பைப் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கேட் அடிக்கிற ஜி.ஐ. பைப்பை வளைத்துப் போட்டு கேஜ் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காரில் யாரையும் உட்கார விடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஹெல்மெட்டிலும் பைக்குக்கு வாங்கியதைப் போடக்கூடாது. ஸ்நெல் என்ற ஹெல்மெட் தரச் சான்றில் எஸ்.ஏ. என்று வருவது கார் ரேஸுக்கு, உள்துணி தீயைத் தாங்கும், எம். என்பது பைக்குக்கு. பெல்ட் பழையது மலிவாகக் கிடைத்தால் லேபிளில் காலாவதி வருடம் பாருங்கள். 2 கிலோ தீயணைப்பான், கை எட்டுகிற இடத்தில்.

ஆசிரியர் வண்டியை எடுத்தோம். பணம் எப்படிப் பிரிந்தது என்றால், காருக்குப் போனது மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கேஜ், சீட், பெல்ட், ஹெல்மெட் சேர்ந்து பாதிக்கு வந்துவிட்டது. மிச்சம் டயர், பிஸ்டன் ரிங் செட், கிளட்ச், டைமிங் பெல்ட், ஷாக் அப்சார்பர், அடித்தகடு. இந்தப் பங்கீடு தலைகீழாக இருந்தால், அதாவது காருக்குப் பாதியும் பாதுகாப்புக்கு மிச்சமும் என்று போட்டால், பாதுகாப்பில்தான் கை வைப்போம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மலிவான கார் வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தெரியவில்லை.

காகித வேலையை வேகமாகச் சொல்கிறேன். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000, அதோடு எஃப்.சி., பசுமை வரி. பழசு கூடக் கூடக் கட்டணமும் கூடும், விலை பேசும்போதே ஆர்.சி. எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். கேஜ் அடித்து சீட்டைக் கழற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. இன்சூரன்ஸும் ரேஸ், வேகச் சோதனை எதற்கும் பணம் தராது, பாலிசியிலேயே எழுதியிருக்கும். ஆகவே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். டாடா ஏஸில் ஏறாது. எஸ்டீமின் நீளம் நாலு மீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது, 14 அடி ஐச்சர் சரியாக இருக்கிறது. இந்த வாடகையையும் பட்ஜெட்டில் எழுதாவிட்டால் முதல் போட்டியிலேயே கடன்.

தயாரிப்பில் நாங்கள் எடுத்த முடிவுகளில் ரெண்டு மூன்று விவாதத்துக்குரியவை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கூம்பு மாதிரி திறந்த ஃபில்டர் போடச் சொன்னார்கள், போடவில்லை. ஆடிக் காற்றில் நம் ஊர்ப் புழுதியைப் பார்த்தவர்கள் போடமாட்டார்கள். கம்பெனிப் பெட்டி, பேப்பர் ஃபில்டர், கையில் ஒன்று உபரி. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிற வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு, அதையும் விட்டுவைத்தோம், பதிலாக ரேடியேட்டரைப் புதுசாக்கி, ஃபேனுக்கு டாஷ்போர்டில் தனி சுவிட்ச் கொடுத்தோம். சித்திரை வெயிலில் ரெண்டாவது கியரிலேயே சுற்றுகிற காருக்குக் காற்று கிடைக்காது, ஓட்டம் முடிந்து நிற்கும்போதுதான் சூடு ஏறும், அப்போது அந்த சுவிட்ச் இஞ்சினைக் காப்பாற்றும். அலாய் வீல் வேண்டாம், இரும்பு ரிம் வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், அலாய் விரிசல் விட்டால் குப்பை. டயர் அகலமாகப் போட வேண்டும் என்ற ஆசையும் மண்ணில் செல்லாது, குறுகிய டயர்தான் மேல் சரளையைக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும்.

முதல் முறை இறக்கி ஓட்டியபோது உடைந்தவை, வரிசை இல்லாமல்: இஞ்சின் மவுண்ட் ஒன்று, சைலன்சர் தொங்கும் ரப்பர் எல்லாம், ஒரு ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கல் குத்திக் கிழிந்து கிரீஸ் வெளியே, பின் பிரேக் டிரம்மில் புழுதி அடைந்து ஹேண்ட் பிரேக் வேலை செய்யாமல் போனது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியலாம். முன் சக்கரம் இழுக்கிற காரை இறுக்கமான வளைவில் திருப்புவதற்கு ஹேண்ட் பிரேக்தான் பாதி ஸ்டியரிங், அது போனால் கார் கோனைப் பார்த்து நேராகவே போகும். டிரம்மைக் கழற்றி ஊதி, கேபிளை இறுக்கியதும் சரியானது. இந்தப் பட்டியலில் எதுவும் மதுரையை விட்டு வெளியே தேட வேண்டியதாக இல்லை, அன்று சாயங்காலமே எல்லாம் வந்து சேர்ந்தது. நாங்கள் வைத்த அளவுகோல் நின்றது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான், நேரக் கணக்கை வைத்து இல்லை.

குறையும் உண்டு. டிஃபரன்ஷியல் சாதாரணமானது, வளைவில் உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றி மண்ணை வாரி இறைக்கிறது, பலம் வீணாகிறது. அதற்கு ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போடலாம், ஆனால் அதன் விலை எங்கள் காரின் விலையையே தொடும். பையன் அதை இப்போதே கேட்கிறான். அண்ணன் சொல்வது, வளைவு முடியும் முன்னால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற பழக்கம் போகட்டும், இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகட்டும், அதுவரை வேண்டாம். நானும் அவர் பக்கம்தான். அந்தப் பணத்துக்கு ஒரு செட் ராலி டயர் எடுத்தால் இன்னும் நிறைய ஓட்டலாம்.

ஐச்சரில் காரோடு ஏற்றுகிற சாமான் இவ்வளவு: ரெண்டு உபரி டயர் ரிம்மோடு, ஒரு ஜோடி ஆக்ஸில், ரெண்டு இஞ்சின் மவுண்ட், கிளட்ச் கேபிள், ஃபேன் பெல்ட், ஏர் ஃபில்டர், ஃபேன் ரிலே, இருபது லிட்டர் தண்ணீர், ஜாக்கி வைக்க ஒரு கனமான பலகை. மண்ணில் ஜாக்கி புதையும், பலகையை மறந்தால் மற்ற எதுவும் பயன்படாது.